தைராய்டுக்குச் செலினியம்: மாத்திரை வாங்குமுன் கூட்டிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஹாஷிமோட்டோ தைராய்டுக்காக (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் போடுகிறேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. செலினியம் என்ற தாதுச்சத்தை 200 மைக்ரோகிராம் எடுத்தால் தைராய்டே சரியாகிவிடும் என்கிறார்கள். இப்போதே மல்டிவைட்டமின் (அதில் செலினியம் 40 மைக்ரோகிராம்), முடிக்கான மாத்திரை (60) இரண்டும் சாப்பிடுகிறேன். துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிரேசில் நட்ஸ் தினம் மூன்று. செலினியமும் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போது எடுப்பதையே குறைக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்ப்போம். மாத்திரைகள் இரண்டிலும் சேர்த்து 100. பிரேசில் நட்ஸ் ஒன்றில் சராசரியாக 70 முதல் 90 மைக்ரோகிராம் இருக்கும். மரம் வளர்ந்த மண்ணைப் பொறுத்து இது பல மடங்கு கூடும், குறையும். மூன்று கொட்டைக்கு 200க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை, மீன், கோழி, கோதுமையில் கிடைப்பது தனி. ஒரு முட்டையிலேயே சுமார் 15. ஆக, இப்போதே நாளுக்கு 300ஐத் தாண்டிவிட்டீர்கள். இன்னொரு 200 சேர்த்தால் 500க்கு மேல் போய்விடும்.

தேவை எவ்வளவு? பெரியவர்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது நாளுக்கு 40 மைக்ரோகிராம். அமெரிக்கக் கணக்கு 55. உச்சவரம்பு அமெரிக்காவில் 400. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐரோப்பாவுக்கான வரம்பை 255 ஆகக் குறைத்துவிட்டது. அந்த வரம்பைக் கணிக்க அது எடுத்துக்கொண்ட முதல் அறிகுறியே முடி உதிர்வுதான். உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியதும் இதுவே: முடிக்காகப் போடும் மருந்தே அளவு மீறினால் முடியைக் கொட்டவைக்கும். நகம் உடைவது, நகத்தில் வெள்ளைக் கோடுகள் விழுவது, மூச்சில் பூண்டு வாடை, வாயில் உலோகச் சுவை, வயிற்றுப்போக்கு, காரணமில்லாத அசதி ஆகியவையும் கூடவே வரலாம். பூண்டு சாப்பிடாத நாளிலும் அந்த வாடை இருந்தால் செலினியத்தைச் சந்தேகியுங்கள்.

பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில ஊர்களில் மண்ணிலேயே செலினியம் மிகுதி. அது கோதுமையில் ஏறி, சாப்பிட்டவர்களுக்கு முடியும் நகமும் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 2008இல் ஒரு திரவச் சத்து மருந்தில் தயாரிப்புப் பிழையால் லேபிளில் போட்டதைப்போல் சுமார் 200 மடங்கு செலினியம் சேர்ந்துவிட, 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். செலினியம் அளவு மீறினால் அதற்கு முறிவு மருந்து கிடையாது, எடுப்பதை நிறுத்துவதுதான் சிகிச்சை.

செலினியத்துக்கும் தைராய்டுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. டி4 ஹார்மோனை (தைராக்சின்) வேலை செய்யும் டி3 ஆக மாற்றும் நொதிகளுக்குச் செலினியம் வேண்டும். ஹாஷிமோட்டோ உள்ளவர்கள் செலினியம் எடுத்தபோது ஆன்டி டிபிஓ (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்) அளவு இறங்கியதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ரிப்போர்ட்டில் அந்த எண் குறைந்ததால் தைராக்சின் மாத்திரையை விட முடிந்தது என்று நிலைநாட்டப்படவில்லை. கிரேவ்ஸ் நோயில் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) கண் லேசாகப் பாதிக்கப்பட்டவர்களின் கதை வேறு. அவர்களுக்கு 100 மைக்ரோகிராம் வீதம் தினம் இருவேளை, ஆறு மாதம் கொடுத்ததில் பலன் தெரிந்தது. அது மருத்துவர் பார்வையில், கெடு வைத்துக் கொடுப்பது. உங்கள் நோய் அதுவல்ல.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் தினம் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களைக் கவனித்த ஓர் ஆய்வில், எடுக்காதவர்களைவிட அவர்களுக்கு டைப் 2 நீரிழிவு அதிகம் வந்தது. உடலில் ஏற்கெனவே செலினியம் நிறைய இருந்தவர்களிடம்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை: 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் குறையவே இல்லை.

இனி செய்ய வேண்டியது. முடி மாத்திரையையும் பிரேசில் நட்ஸையும் நிறுத்துங்கள். நட்ஸ் மேல் ஆசை என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். மருத்துவர் எழுதிய மல்டிவைட்டமின் என்றால் தொடரலாம். ஆனால் அதில் இரும்பும் கால்சியமும் இருக்கும், அவை தைராக்சினைக் குடலில் ஏறவிடாது. தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, மல்டிவைட்டமினை நான்கு மணி நேரமாவது தள்ளி, மதியச் சாப்பாட்டோடு போடுங்கள். இந்த இடைவெளி விடாததால் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; மருந்தின் அளவு சரியா என்று காட்டும்) கட்டுக்குள் வராமல், அதனாலேயே முடி கொட்டிக்கொண்டிருக்கலாம்.

டிஎஸ்எச்சோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) ஹீமோகுளோபினும் பாருங்கள். மாதவிடாய் வயதில் முடி உதிர்வுக்கு இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி காரணமாகிறது. மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் ரத்தத்தில் செலினியம் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். முடி மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருக்கும். அது உடலில் இருந்தால் சில லேப்களில் தைராய்டு ரிப்போர்ட்டே தப்பாக வரும். கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது இரண்டு நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். அளவு பெரிது என்றால் இன்னும் சில நாள் தேவைப்படலாம், லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.