காடை முட்டை பெரிதாகிறது, ஓடு மட்டும் ஏன் மெலிகிறது?

பெரிய முட்டைக்காக நான்கு தலைமுறையாகக் காடைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தும் ஓடு மெலிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டையின் எடையை மட்டும் பார்த்துத் தாய்ப் பறவைகளைத் தேர்ந்தெடுத்தால் ஓடும் சேர்ந்து தடிக்காது. நீங்கள் செய்தது அதுதான். முட்டை எடையோடு மரபுவழியில் இறுக்கமாகப் பிணைந்திருப்பது வெள்ளைக்கரு எடை. மஞ்சள்கரு அதற்கு அடுத்துத்தான். ஓட்டின் தடிமனுக்கு அந்தப் பிணைப்பு பலவீனம். 10 கிராம் முட்டை 12 ஆகும்போது, ஓட்டின் சுண்ணாம்பு அதற்கு ஈடாகக் கூடாமல் பெரிய பரப்பில் பரவலாம்.

பெட்டைகளைத் தனித்தனிக் கூண்டில் விட்டு, ஒவ்வொரு பெட்டையின் ஐந்து முட்டைகளையும் எடைபோட்டு, உடைத்துப் பாருங்கள். (விளக்கொளியில் பார்த்தால் போதாது, கரும்புள்ளிகள் கீறலை மறைத்துவிடும்.) ஓட்டைக் கழுவி, நன்றாக உலர்த்தி, முட்டை எடையில் எத்தனை சதவீதம் என்று குறியுங்கள். ஒரு தாயின் மகள்கள் எல்லாமே குறைவாக வந்து, மற்ற குடும்பங்கள் தேறினால் மரபுதான் காரணமாக இருக்கும்.

ஆனால் வயதான பெட்டையும் பெரிய, மெல்லிய ஓட்டு முட்டைதான் இடும். அதனால் ஒரே வயது, ஒரே தீவனம் உள்ளவற்றையே ஒப்பிடுங்கள்.