ஜப்பானிய மரப்பலகை அச்சு முகச்சித்திரங்களின் நகல்களில் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?

நகல் எடுக்கும் முறைதான் காரணம். மலிவானது, அசலைப் படம்பிடித்து இங்க்ஜெட்டில் அச்சிட்டது. விலை கூடியது, புதிதாகப் பலகைகள் செதுக்கி, நிறம் நிறமாகக் கையால் தேய்த்து அச்சிட்டது.

ஓவியர் ஷராகு 1794இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், வரைந்த கபுகி நாடக நடிகர் மூன்றாம் ஒடானி ஒனிஜியின் படத்தைப் பாருங்கள். முறைக்கும் கண்கள், விரல் விரித்த கைகள், பின்னால் கருமையான அப்பிரக (மைக்கா) பூச்சு. தாளைச் சற்றே சாய்த்தால் அந்தப் பூச்சு மினுங்கும். என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அங்கேதான். கேமரா ஒரு கோணத்து ஒளியை மட்டுமே பிடிப்பதால் அது வெறும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. பட்டுப்புடவையின் சரிகையைப் போட்டோவில் பார்ப்பது போலத்தான்.

பலகை அச்சில் நிறம் காகித இழைக்குள் இறங்கும். வாங்கும்முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கசிந்த நிறமும் தேய்த்த தடமும் தெரியும்.

ஷராகு தன் கையால் ஆக்கிய ஒற்றை அசல் எங்கோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள்; அவர் வரைந்து கொடுத்தார், செதுக்கியும் அச்சிட்டும் பல பிரதிகளாக்கியவர்கள் பதிப்பாளர் த்சுதாயா ஜூசாபுரோவுக்காக உழைத்த கைவினைஞர்கள்.