மேக்கொங் ஆற்றுப் பகுதியில் அமெரிக்கா ஏன் அக்கறை காட்டுகிறது?

மேக்கொங் பகுதியோடு எல்லையே இல்லாத அமெரிக்காவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆற்றின் தலைப்பகுதி யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்தே விடை தொடங்குகிறது. திபெத்தியப் பீடபூமியில் பிறக்கும் மேக்கொங்கின் மேற்பகுதியில் சீனா பத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகளைக் கட்டியுள்ளது. ஆனால் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகியவை 1995இல் அமைத்த மேக்கொங் ஆற்று ஆணையத்தில் அது உறுப்பினராக இல்லை.

2009 ஜூலையில் தாய்லாந்தின் புக்கெட்டில் அந்நான்கு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களை அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் சந்தித்தபோது கீழ் மேக்கொங் முன்முயற்சி உருவானது. மியான்மர் பின்னர் சேர்ந்தது. 2016இல் சீனா தனக்கென லான்சாங்-மேக்கொங் ஒத்துழைப்பைத் (லான்சாங் என்பது மேக்கொங்கின் சீனப் பெயர்) தொடங்க, 2020இல் அமெரிக்கா தன் திட்டத்தை மேக்கொங்-அமெரிக்கக் கூட்டாண்மையாக விரிவாக்கியது. இது செல்வாக்குப் போட்டிதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். 2020 இறுதியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதியுதவியுடன் தொடங்கிய கண்காணிப்புத் தளம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அணைகளின் நீர்மட்டத்தை எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதே ஆண்டில் சீனாவும் ஆண்டு முழுவதற்குமான நீரளவுத் தரவை ஆணையத்துக்கு அளிக்க ஒப்புக்கொண்டது.

இத்தரவு எவருக்குத் தேவை என்பதைக் கம்போடியாவில் காணலாம். மழைக்காலத்தில் மேக்கொங் பெருகும்போது டோன்லே சாப் ஆறு திசைமாறிப் பின்னோக்கி ஓடி அதே பெயருள்ள ஏரியை நிரப்ப, நீரில் மூழ்கிய காட்டின் வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகள் வளர்கின்றன. 2019இல் மழை குறைந்து, அந்தத் திசைமாற்றம் தாமதமாகியது. உயரமான மரக்கால்கள்மேல் வீடு கட்டி வாழும் மீனவர்களின் வலையில் மீன் குறைந்தது.