'பிகின்' இரட்டிக்கிறது, 'விசிட்' ஏன் இரட்டிக்கவில்லை?

வணக்கம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'இங்' விகுதி சேரும்போது 'பிகின்' என்ற சொல்லில் 'என்' எழுத்து இரட்டிக்கிறது, 'விசிட்' என்பதில் மட்டும் 'டி' எழுத்து ஏன் இரட்டிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அழுத்தம், அதாவது உச்சரிக்கும்போது குரல் ஓங்கும் இடம், எந்த அசையில் விழுகிறது என்பதே இதற்கு விடை. இறுதி அசை ஒரே ஓர் உயிரெழுத்தும் அதையடுத்த ஒரே ஒரு மெய்யெழுத்துமாக முடிந்து, அழுத்தமும் அங்கேயே விழுமானால், உயிரெழுத்தில் தொடங்கும் விகுதிக்கு முன் அந்த மெய் இரட்டிக்கும். 'பிகின்' அவ்வகைச் சொல். 'விசிட்' முதல் அசையிலேயே அழுத்தம் பெறுவதால் மாறாமல் நிற்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் சொல் 'ப்ரிஃபர்'. அதன் இறந்தகால வடிவத்தில் அழுத்தம் கடைசி அசையில் நிற்பதால் 'ஆர்' இரண்டு முறை வரும். 'ப்ரெஃபரன்ஸ்' என்று பெயர்ச்சொல்லாகும்போது அழுத்தம் முதல் அசைக்கு நகர்வதால் ஒரு முறைதான் வரும். ஆகவே பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட, சொல்லை வாய்விட்டு உச்சரித்துப் பார்ப்பதையே உங்களுக்கு உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

ஓரசைச் சொற்களில் இரட்டிப்பு, உயிரின் குறுகிய ஒலியைக் காக்கிறது. 'இங்' சேரும்போது தாவுதலைக் குறிக்கும் 'ஹாப்' இரண்டு 'பி' பெறும். நம்புதலைக் குறிக்கும் 'ஹோப்' ஈற்று 'ஈ'யை இழந்து ஒரே 'பி'யுடன் நிற்கும். 'டபிள்யூ', 'எக்ஸ்', 'ஒய்' ஆகியவை இவ்விதிப்படி இரட்டிப்பதில்லை.

'டிராவல்' மட்டும் உங்களைக் குழப்பக்கூடும்: அழுத்தம் முதல் அசையில் இருந்தும் பிரிட்டிஷ் வழக்கில் 'எல்' இரட்டிக்கும், அமெரிக்க வழக்கில் இரட்டிக்காது.