வயலை விற்று வாங்குகிற பட்டம் வேண்டாம், ராத்தா

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு உம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு உயர்தரம் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு, ஒலுவில் கெம்பஸ் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் மாமாமார் விடவில்லை, கொழும்பில் காசு கட்டி சொஃப்ட்வெயார் என்ஜினியரிங் படிக்க வைக்கச் சொல்கிறார்கள். அதற்கு வயலில் ஒரு துண்டை விற்க வேண்டும். பிள்ளை இரவில் அழுகிறாளாம்.

ராத்தா, எல்லாம் சரிவரும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. வயலை விற்காதீர்கள். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளைக்கு அந்தப் பட்டம் எதற்கு? மாமாமார் அதில் ஒரு சதமும் போடப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வாப்பாவின் அம்பாறைக் கடையில் நின்று நின்றே சிங்களம் சரளமாகப் பேசுகிறாள், ஆங்கிலமும் வாசிப்பாள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. கணினிக்கு மொழி பழக்குகிற வேலைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் தேவை. சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாதிரிகள் எழுத்தை வாசித்துத்தான் மொழி பழகுகின்றன, இணையத்தில் ஆங்கிலத்தோடு பார்த்தால் தமிழும் சிங்களமும் மிகக் கொஞ்சம். இருக்கிறதிலும் குப்பை அதிகம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுகிற பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தை அப்படியே எடுத்தால் ‘அம்மா’ என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும், அதை எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியது சரியா என்று ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் மும்மொழிச் சுற்றறிக்கைகள்: சிங்களத்தில் ஒரே நீண்ட வாக்கியம், தமிழில் அது இரண்டாகியிருக்கும், ஆங்கிலத்தில் திகதி மாறியிருக்கும், ஓரிடத்தில் ‘இல்லை’யே விடுபட்டிருக்கும். எந்த வாக்கியத்துக்கு எது சோடி என்று கணினி ஊகிக்கும், பிழையைப் பிடிப்பது இரண்டு மொழியும் தெரிந்த ஆள்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அரச ஆவணங்களுக்கான சிங்கள–தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பில் வேலை செய்திருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பைச் சோதித்துப் பார்க்க மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஃபுளோரஸ் என்ற வாக்கியத் தொகுப்பில் இருநூறு மொழிகள், அதில் தமிழும் சிங்களமும் உண்டு. அதற்கு ஆட்களை வைத்தே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இணையத் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது, நம் கிழக்கின் பேச்சு அதில் கிட்டத்தட்ட இல்லை. அதை எழுத இங்கே பிறந்த பிள்ளைதான் வேண்டும்.

காசு விஷயத்தில் ஒளிக்கமாட்டேன். இதில் பெரும்பாலும் துண்டு வேலைதான், மாதச் சம்பளம் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் ஒலுவிலில் மொழியைப் படிக்கட்டும், படிப்புக் கட்டணம் இல்லை, பக்கத்தில் யூனிகோடுத் தட்டச்சும் எக்செலும் பைத்தன் என்ற நிரல்மொழியும் கொஞ்சம் பழகட்டும். இரட்டிப்பு வரிகளை நீக்குகிற அளவு பைத்தனுக்குக் கணக்குப் புலி ஆகத் தேவையில்லை. வேலை தருகிறோம், பதிவுக்குப் பணம் கட்டுங்கள் என்று எவன் கேட்டாலும் கட்டாதீர்கள்.

கெம்பஸ் தொடங்கும்வரை சும்மா இருக்கிற மாதங்களில் ஒரு சுற்றறிக்கையின் மூன்று மொழிப் பிரதியையும் எடுத்து, எக்செலில் வரிக்கு வரி சோடி சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்தும் எழும்பாமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன பழக வேண்டும் என்று சொல்கிறேன். அலுப்பென்று எழும்பிவிட்டால் அதையும் எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். எப்படியானாலும் வயல் இருக்கட்டும்.