சைன் 2டி கணக்கில் பூச்சியம் வருவது ஏன்?

தம்பி, தேசிய சேவையில் இரண்டு ஆண்டு கணிதத்தைத் தொடாததால்தான் இந்தக் குழப்பமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் கணக்கு அப்படிப்பட்டது.

உங்கள் சமன்பாடு இது: ஒய்-யின் இரண்டாம் வகைக்கெழுவுடன் 4 ஒய்-யைக் கூட்டினால் சைன் 2டி (டி என்பது நேரம்). நீங்கள் சைன் 2டி, காஸ் 2டி இரண்டையும் ஊகமாக வைத்துச் சிறப்புத் தீர்வு, அதாவது இந்த வலப்பக்கத்தைத் தரும் ஒரு தீர்வு, தேடினீர்கள். இடப்பக்கம் முழுவதும் பூச்சியமாகிவிட்டது. ஆகத்தான் செய்யும். வலப்பக்கம் பூச்சியமாக இருக்கும்போது கிடைக்கும் தீர்வுகளே அவைதாம்.

அந்த ஊகத்தை டி-யால் பெருக்குங்கள். கெழுக்களை ஒப்பிட்டால் சைன் பகுதி மறைந்து, மைனஸ் கால் டி காஸ் 2டி மிஞ்சும். விரிவுரையில் இதை வெறும் விதியாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த டி-தான் ஒத்ததிர்வு: அமைப்பின் இயல்பான அதிர்வெண்ணிலேயே வெளிவிசையும் தள்ளுவதால் வீச்சு நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகிறது. வாஷிங் மெஷின் வேகமெடுக்கும்போது இடையில் ஒரு வேகத்தில் மட்டும் பயங்கரமாகக் குலுங்குவதும் இதே குடும்பம்தான். ஆனால் அங்கே அதிர்வை அடக்கும் தணிப்பு இருப்பதால் எல்லையின்றி வளராது.

தேர்வில் நிரப்புச் சார்பை (வலப்பக்கம் பூச்சியமாக இருக்கும்போது கிடைக்கும் தீர்வை) முதலில் எழுதிவிட்டு அப்புறம் ஊகியுங்கள். சமன்பாட்டில் முதல் வகைக்கெழு, அதாவது தணிப்பு, இருந்தால், வெறும் சைன் விசைக்கு இந்த டி தேவைப்படாது.