இரண்டு கோச், ஒரு பிட்சர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) வலது கை பிட்சர், அதாவது கையைச் சுற்றிக் கீழ்க் கையால் பந்து போடுபவள். தனிப் பயிற்சி தரும் கோச், "முன்கை இடுப்பை உரசிக்கொண்டு வரட்டும், கை தானாகச் சுழலும்" என்கிறார். டீம் கோச்சோ, "மணிக்கட்டைச் சொடுக்கு, பந்தை விட்டதும் முழங்கை கேட்சரைப் பார்த்து மேலே வரணும்" என்கிறார் (கேட்சர் என்பவர் எதிரே பந்தைப் பிடிப்பவர்). இரண்டையும் செய்யப் பார்த்து ஸ்ட்ரைக்கே (பேட்டர் அடிக்கத்தக்க இடத்தில் போகும் பந்து) விழாமல் அழுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தனிப் பயிற்சி கோச் சொல்வதுதான் சரி. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் "இருவரும் ஒருவிதத்தில் சரி" என்று சமாதானம் சொன்னால் கஷ்டப்படப்போவது குழந்தைதான்.

ஜப்பானின் யூகிகோ உவேனோ, அமெரிக்காவின் மோனிகா அபட், கேட் ஆஸ்டர்மேன் ஆகியோர் பந்து போடும் வீடியோவை ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பாருங்கள். கை உச்சியிலிருந்து இறங்கும்போது முழங்கை முன்னே வரும், பந்து பின்னால் தங்கும். மேல்கை விலாவை ஒட்டி வந்து வேகம் குறைகிற அந்தக் கணத்தில் முன்கை இடுப்போரம் உரசும். மேல்கை இழந்த வேகம் முன்கைக்குப் போகும், முன்கை உள்நோக்கித் திரும்பும்போது பந்து விரலை விட்டுக் கிளம்பும். வேகம் பிறப்பது இந்தத் திருப்பத்தில்தான். முழங்கையை மேலே தூக்குவது பந்து போன பிறகு நடக்கிற காரியம், அதனால் பந்துக்கு ஒன்றும் கூடாது. அப்படி முடிக்க வேண்டும் என்று நினைக்கிற குழந்தை, கீழே வரும்போதே உள்ளங்கையைப் பந்துக்குப் பின்னால் வைத்துத் தள்ள ஆரம்பித்துவிடும். பிறகு முன்கை திரும்ப இடமே இருக்காது.

அதற்காக டீம் கோச்சை ஒதுக்கிவிடாதீர்கள். "மணிக்கட்டைச் சொடுக்கு" என்று அவர் சொல்வது, மணிக்கட்டு விறைப்பாக இருப்பதைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். அப்படியானால் அவர் கண்டது சரி, சொன்ன மருந்துதான் வேறு. "என்ன தெரிந்ததால் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். சண்டையில் பாதி இந்தக் கேள்வியிலேயே தீரும்.

மீதியை போன் கேமராவில் தீர்க்கலாம். ஸ்லோ மோஷனை வினாடிக்கு 240 ஃபிரேமில் வையுங்கள். வலது கை பிட்சர் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் (அவளுக்கு வலப்பக்கம்) நின்று, இடுப்பு உயரத்தில் போனை அசையாமல் வைத்து, முழு வேகத்தில் 10 பந்து எடுங்கள். கை சுற்றுவதைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் தலைக்கு மேலே 12, முதுகுப் பக்கம் 9, தொடையோரம் 6. மூன்று ஃபிரேம்களில் நிறுத்திப் பாருங்கள்.

முன்கால் தரையில் ஊன்றும்போது கை 9 மணியைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியிருந்தால் கால் தாமதம், பந்து பெரும்பாலும் உயரமாகப் போகும். அடுத்து, 9 மணியில் உள்ளங்கை மூன்றாம் பேஸையோ வானத்தையோ பார்க்க வேண்டும். அவளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் பேஸைப் பார்த்தால் தள்ளுகிறாள் என்று அர்த்தம். கடைசியாக, பந்து கையை விடும்போது இடுப்பு சுமார் 45 டிகிரி திறந்திருக்க வேண்டும், அதாவது கேட்சரை நேராகப் பார்க்காமல் மூன்றாம் பேஸ் பக்கம் பாதி திரும்பியிருக்க வேண்டும். "கதவைச் சாத்துகிற மாதிரி இடுப்பைச் சாத்து" என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் இடுப்பு முந்திக்கொண்டு கையின் வழியை மறிக்கும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ கன்றிப்போன தடம் இருக்கிறதா பாருங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே லேசாக உரசுவது நல்லது, எலும்பில் இடிபடுவது நல்லதல்ல.

மாற்றத்தைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். வலைக்கு 3 மீட்டர் தள்ளி நின்று, 9 மணியிலிருந்து மட்டும் 20 பந்து. அது பழகியபின் 12 மணியிலிருந்து, அதற்கப்புறம் முழுச் சுற்று. தூரம் கடைசியில். முதல் சில வாரங்கள் குறி தவறும், வேகமும் குறையும். இந்தக் கட்டத்தில்தான் பெற்றோர் பயந்துபோய்ப் பழைய முறைக்குத் திரும்புகிறார்கள், அல்லது மூன்றாவதாக ஒரு கோச்சைத் தேடுகிறார்கள். டோர்னமென்ட் நடுவில் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

இன்னொன்று. பல யூத் லீகுகளில் 10 வயதுப் பிரிவு வரை 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, 35 அடி தூரம். 12 வயதுப் பிரிவில் 12 அங்குலப் பந்து, 40 அடி. உங்கள் மகள் இப்போதுதான் மாறியிருந்தால், ஸ்ட்ரைக் விழாததற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும். சின்னக் கையில் பெரிய பந்து பழக நாளாகும்.

கேள்வி: டீம் கோச்சிடம் இதை எப்படிச் சொல்வது? மகளை வெளியே உட்கார வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: குழந்தை மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். "அந்தக் கோச் அப்படிச் சொல்லலையே" என்று ஒரு சிறுமி சொல்வது யாருக்குமே உறுத்தும். மேட்ச் இல்லாத நாளில், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், நீங்களே வீடியோவோடு போய்ப் பேசுங்கள். "கை வரும் விதத்தில் இந்த ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறோம், ஆறு வாரம் தேவை. மேட்சில் எந்தப் பந்து, எங்கே என்பதெல்லாம் உங்கள் முடிவுதான்" என்று சொன்னால் பெரும்பாலான கோச்சுகள் ஒத்துழைப்பார்கள். கை, கால் அசைவுக்கு ஒருவர், ஆட்டத்துக்கு ஒருவர் என்ற பிரிவினை இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேட்ச் நடக்கும்போது அசைவைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, கேலரியிலிருந்து நீங்களும்தான்.

கேள்வி: எனக்கு 14 வயது. ஒரு கோச் டிராப் (கீழே இறங்கும் பந்து), கர்வ் (பக்கவாட்டில் வளைவது), ரைஸ் (மேலே எழுவதுபோல் வருவது) எல்லாம் கற்றுக்கொள் என்கிறார். இன்னொருவர் ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்-அப்பும் போதும் என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: இப்போதைக்கு இரண்டாமவர் சொல்வதைக் கேள். பிளேட்டின் (பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த தகடு) உள் ஓரம், வெளி ஓரம் என்று சொல்லிவைத்து 20 பந்து போடு. குறைந்தது 14 பந்து சொன்ன இடத்தில் விழுந்தால் அடுத்த வகைப் பந்துக்குப் போகலாம். சேஞ்ச்-அப் ஃபாஸ்ட்பாலைவிட மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும், ஆனால் கையின் வேகம் குறையக் கூடாது. கை தயங்கினால் பேட்டர் கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்தது டிராப். பந்தைச் சுற்றி நடுவில் கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டி, கோடு கேட்சரை நோக்கி நிமிர்ந்திருக்கும்படி பிடித்துப் போடு. கோடு ஆடாமல் மேலிருந்து கீழாக உருண்டால் சுழற்சி சரி. தள்ளாடினால் விரல்கள் பக்கவாட்டில் விலகுகின்றன. ரைஸ் கடைசியாக இருக்கட்டும். பந்து பின்னோக்கிச் சுழல வேண்டும். துப்பாக்கிக் குண்டு மாதிரிச் சுழன்றால் அது வெறும் உயரமான ஃபாஸ்ட்பால், நல்ல பேட்டருக்குப் பரிசு.

கேள்வி: மகளுக்குத் தோளின் முன்பக்கம் வலிக்கிறது. ஒருவர் ஐஸ் வைத்துவிட்டுப் பந்து போடச் சொல்கிறார், ஒருவர் ஓய்வு என்கிறார்.

பதில்: ஓய்வு. கீழ்க் கையால் போடுவதால் தோளுக்குப் பாரமே இல்லை என்ற நம்பிக்கை தவறு. ஐஸ் வலியை மறைக்கும், காரணத்தை ஆற்றாது. தோளோடு முன்கையையும் பாருங்கள்: அங்கே எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தும்போது வலித்தால் அது எலும்பு விரிசலின் தொடக்கமாக இருக்கலாம், உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு கோச் இருக்கும் வீட்டில் பந்து எண்ணிக்கை யாருக்கும் தெரியாமல் இரட்டிப்பாகும். செவ்வாய் ஒருவரிடம் 100, புதன் இன்னொருவரிடம் 100, சனிக்கிழமை இரண்டு மேட்ச். ஒரே நோட்டில், வார்ம்-அப் பந்து உட்பட எல்லாவற்றையும் எழுதி இருவருக்கும் காட்டுங்கள்.

கேள்வி: பந்து போடும்போது பின்கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வர வேண்டுமா, தரையை விட்டு எழலாமா?

பதில்: அது உங்கள் லீகின் விதியைப் பொறுத்தது. சர்வதேச விதியில் எழலாம். சில லீகுகளில் கூடாது. எங்கேயும் கூடாதது, எழுந்த காலை மறுபடி ஊன்றி அங்கிருந்து தள்ளிப் போடுவது. சீசன் தொடங்கும் முன்பே அம்பயரிடம் கேட்டுவிடுங்கள்.